பின் கதவில் ஆறாவது பின்

1

ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் எங்கள் கம்பெனி எனக்கு ஒரு படிவம் அனுப்பும். மான்ட்ரியலில் விமானங்களைப் பராமரிக்கும் கம்பெனி. அங்கே நான் சான்றளிக்கும் டெக்னீஷியன். அதாவது, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, 'பார்த்தேன்' என்று முத்திரை குத்துகிறவள். முத்திரை குத்தும் உரிமையை வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பெயர், முகவரி, கண் பரிசோதனை என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்வி: 'நீங்கள் எப்போதாவது பணி இடைநீக்கம் செய்யப்பட்டதுண்டா? ஆம் எனில் விளக்கவும்.' விளக்குவதற்கு மூன்று வரி இடம்.

போன வாரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மூன்று வரியில் அடங்கவில்லை. நடந்ததில் பாதிதான் ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். மற்றப் பாதி இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு தடவை எழுதிவிட்டால், படிவத்தில் 'ஆம்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கூமாப்பட்டியில் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. அப்பா போலீஸில் இருந்தார், இப்போது உயிரோடு இல்லை. அண்ணன் பாண்டி போலீஸில் இருக்கிறான். சித்தப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். யூனிஃபார்ம் போடாத வேலையை எங்கள் வீட்டில் வேலையாகச் சேர்ப்பதில்லை. விமானத்தைப் பழுது பார்க்கப் படிக்கிறேன் என்று நான் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யூனிஃபார்ம் உண்டாட்டி?" உண்டு என்றேன். "அப்பச் சரி" என்றாள்.

2

போன வருடம் விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடமிருந்து ஓர் ஆணை வந்தது. எங்கோ வேறொரு நாட்டில், ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தில், பயணிகள் ஏறும் கதவின் கீல் போல்ட் ஒன்று தளர்ந்திருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். அதனால் அந்த ரக விமானம் வைத்திருக்கும் எல்லோரும், எல்லாக் கதவுகளையும், கெடுவுக்குள் ஒரு தடவை பரிசோதிக்க வேண்டும். கட்டாயம். பரிசோதிக்காத விமானம் பறக்கக் கூடாது.

பார்க்க வேண்டியது பெரிய விஷயமில்லை. கதவின் உள்பக்க மூடியைக் கழற்றினால் கீல் தெரியும். கீலில் ஆறு போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டு கழன்றுவிடாமல் இருக்க ஒரு காட்டர் பின். கொண்டை ஊசி மாதிரி இருக்கும். துளைக்குள் விட்டு இரண்டு காலையும் மடக்கிவிட்டால் நட்டு நகராது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி எப்படியோ அப்படி. டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு ஆறும் இருக்கிறதா, கால் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விமானத்துக்கு நான்கு கதவு. ஆக இருபத்து நான்கு பின். தாளில் இருபத்து நான்கு கட்டம். பார்க்கப் பார்க்க டிக். கடைசியில் முத்திரை.

அன்று காலை ஷிஃப்ட். மூன்று கதவுகள் முடிந்துவிட்டன. கடைசியாக, இடப்பக்கத்துப் பின் கதவு. ஐந்து பின் பார்த்து ஐந்து டிக் போட்டாயிற்று. அப்போது போன் அடித்தது. இனியாவின் பள்ளிக்கூடம். இனியா என் மகள், ஒன்பது வயது. பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருக்க எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை.

அலுவலகப் பெண்மணி பிரெஞ்சில் பேசினார். "மதாம், வோத்ர் ஃபீய் அ தே பூ."

'உங்கள் மகளுக்கு' என்பது வரை புரிந்தது. அதற்குப் பிறகு 'பூ'.

எனக்கு வேலைக்கு வேண்டிய பிரெஞ்சு வரும். திருகு, தகடு, எண்ணெய் கசிகிறது எல்லாம் வரும். அரசாங்கத் தேர்வில் தேறிய சான்றிதழ்கூட இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என் காதில் தமிழாகத்தான் விழுந்தது. உங்கள் மகளிடம் பூ இருக்கிறது. முந்தின நாள் ஒரு சிநேகிதி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். டொரொன்டோவிலிருந்து வரவழைத்த மல்லிச்சரத்தில் ஒரு துண்டை இனியா தலையிலும் வைத்துவிட்டார்கள். காலையில் அதை எடுத்தேனா? எடுத்த மாதிரிதான் இருந்தது.

"பூவை எடுத்துவிடுங்கள்" என்றேன், அதே வார்த்தையை வைத்து.

"அதை நாங்கள் எடுக்க முடியாது, மதாம். நீங்கள்தான் வந்து எடுக்க வேண்டும்."

"அதற்கு நான் வர வேண்டுமா?"

"உடனே வர வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும்."

பூ பரவும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் வருகிறேன் என்று வைத்துவிட்டேன். இங்கே பள்ளிக்கூடங்களில் சாமி சம்பந்தப்பட்ட விஷயங்களில் கண்டிப்பு அதிகம் என்று சொல்வார்கள். மல்லிப்பூ அதில் சேருமா என்று யோசித்தேன். பேனாவை எடுத்தேன். டிக் போட்டேன். மூடியைப் பொருத்தினேன். முத்திரை குத்தினேன். மதியம் விமானத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

3

பள்ளிக்கூடத்தில் இனியா தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். நர்ஸ் கையுறை போட்ட விரலில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் காட்டினார். தாளில் பூ நடந்து போய்க்கொண்டிருந்தது. பிரெஞ்சில் பேனுக்குப் பூ என்று பெயர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, காலையில் நான் பேசியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எடுத்துவிடுங்கள் என்றது. அதற்கு நான் வர வேண்டுமா என்று கேட்டது. போனை வைத்தது. பேனா. டிக்.

போனுக்கும் பேனாவுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கண்ணாடியை மறுபடி கையில் எடுத்தது நினைவில் இல்லை. டார்ச் அடித்தது நினைவில் இல்லை. பூ மட்டும் இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. மணி பார்த்தேன். விமானம் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சூப்பர்வைசர் ஜான்-மார்க்கைக் கூப்பிட்டேன்.

"பின் கதவில் ஆறாவது பின்னைப் பார்த்தேனா என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

"பார்க்கவில்லையா?"

"தெரியவில்லை."

"அப்படியானால் பார்த்தாயா?"

"அதுவும் தெரியவில்லை."

 "இதை இப்போது நீ என்னிடம் சொல்லிவிட்டாய்" என்றார் அவர். அதில் கோபம் தெரியவில்லை. கையில் ஏதோ வந்து விழுந்துவிட்ட ஆளின் குரல்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் மடக்கு இருக்கை ஒன்று இருக்கும். விமானப் பணிப்பெண் ஏறும்போதும் இறங்கும்போதும் அதில்தான் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்வார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் தோள் அந்தக் கதவுக்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்பது எனக்குச் சென்டிமீட்டர் கணக்கில் தெரியும். ஒரு பின் இல்லாததால் மட்டும் கதவு பிய்த்துக்கொண்டு போகாது, ஆறில் ஐந்து இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். பாடமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஐந்தைப் பார்த்ததும் நான்தானே என்று அடுத்த நிமிடமே சந்தேகம் வந்தது.

"அம்மா, ஏன் பயப்படுறியள்?" என்று இனியா கேட்டாள். "எனக்குப் பேன்தானே?"

விமானத்தைத் திருப்பி வரச் சொன்னார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஐம்பத்தைந்து நிமிடம் அந்தப் பெஞ்சிலேயே இருந்தோம். மற்றப் பெற்றோர்கள் வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்களைச் சுற்றி விலகிப் போனார்கள். பேன் பயம்.

பிறகு ஜான்-மார்க் கூப்பிட்டார். "எல் எ லா, ராஜி" என்றார். பிரெஞ்சில் பின் பெண்பால். அவள் அங்கே இருக்கிறாள்.

பின் இருந்தது. இரண்டு காலும் ஒழுங்காக மடங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. போட்டோவும் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து, பார்த்ததாக உறுதி சொல்ல முடியாத ஒன்றுக்கு முத்திரை குத்தியதற்காக என்னை இடைநீக்கம் செய்தார்கள்.

4

என் கணவர் கண்ணன், வீட்டில் உட்கார்ந்திருந்தால் நான் எல்லாக் கதவையும் திறந்து திறந்து பார்ப்பேன் என்று சொல்லி, ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். அவருக்கு லீவு இல்லை. இனியாவுக்குப் பள்ளி. அதனால் தனியாகப் போனேன். வீட்டில் 'லீவு' என்று சொன்னேன்.

அதுதான் தப்பாகப் போனது. ஆயுத பூஜை முடிந்து, தீபாவளிக்கு நாள் இருக்கும்போது, புருஷனும் பிள்ளையும் இல்லாமல், திடீரென்று ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் அதற்குப் பெயர் லீவு இல்லை. மதுரை விமான நிலையத்துக்குக் காரில் வந்த அண்ணன், என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா என்னைப் பார்த்ததும் "வாட்டி" என்றவள், என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். தாலிச் செயினை வேலைக்குப் போகும்போது கழற்றிவைக்கிற பழக்கம் எனக்கு. அது மான்ட்ரியலில் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

மூன்று நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. மதினி எனக்குத் தனியாக மீன் வறுத்துக் கொடுத்தாள். யாராவது போன் செய்தால் அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நாலாம் நாள் அண்ணன் பைக்கைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"மாப்பிள்ள கை நீட்டுனாரா?"

"யாரு?"

"மறைக்காத ராஜி. நான் டெய்லி இதத்தான் பாக்கேன்."

"அவரு கொசுவக்கூட அடிக்க மாட்டாருண்ணே."

"எல்லாப் பொண்ணும் மொதல்ல இதத்தான் சொல்லும்" என்று துணியைப் பிழிந்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போலீஸ்காரர் வீட்டில் 'சஸ்பெண்டு' என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, லஞ்சம். அதைவிட, கண்ணன் என்னை அடித்தார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது அவ்வளவாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை ராஜபாளையத்துக்குச் சித்தப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சித்தப்பா பட்டாளத்திலிருந்து வந்த பிறகு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் போட்டிருக்கிறார். குடும்பத்தில் யார் வாழ்க்கை கிழிந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு ராஜு குடும்பத்து அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துத் தெலுங்கில், "அல்லுடு ராலேதா?" என்று கேட்டார். மருமகன் வரவில்லையா என்கிறார். சித்தி, வேலை இருக்கிறது என்று கையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரு பக்கத்த மட்டும் கேட்டுப் பேசக் கூடாது" என்றார் சித்தப்பா. "மாப்பிள்ளைக்கு வீடியோ காலப் போடு."

அங்கே காலை மணி ஏழரை. போனை எடுத்தது இனியா. பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். இனியாவுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிற டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பிரெஞ்சுதான் அவளுக்கு வீட்டு மொழி மாதிரி. தமிழ் பேசினால் அது டீச்சருடைய தமிழ்.

"வணக்கம் தாத்தா. எப்பிடி இருக்கிறியள்?"

சித்தப்பா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "நல்லாருக்கேன் தாயி. அப்பா எங்க?"

"அப்பா குளிக்கிறார்."

"அப்பாவும் அம்மாவும் சண்டையாத்தா? தாத்தாட்ட சொல்லு."

"சண்டை ஒண்டும் இல்லை. அம்மாவை வேலையால நிப்பாட்டிப் போட்டினம். அதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு அப்பா சொன்னவர்."

 "என்ன பாஷ பேசுது இந்தப் புள்ள?" என்றார் சித்தப்பா.

"தமிழ்தான் சித்தப்பா."

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "வேலதான் போச்சா? அம்புட்டுத்தானா?" என்று எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சித்தியோடு காப்பி போட உள்ளே போய்விட்டாள். பாதி வழியில் திரும்பி வந்தாள். "வேல போச்சா?" என்று மறுபடி கேட்டு, அப்படியே உட்கார்ந்தாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆணை, கதவு, பின், போன், பூ. காட்டர் பின் என்றதும் சித்தப்பா தலையாட்டினார். தறியிலும் இருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சித்தப்பா விரல்விட்டு விசாரித்தார்.

"நீ தாள்ல எழுதுனது என்ன? பின்னு இருக்குன்னு."

"ஆமா."

"அங்க போயிப் பாத்தா என்ன? பின்னு இருக்கு."

"ஆமா."

"பொறவு இதுல தப்பு எங்கட்டி இருக்கு?"

"நான் பாத்தேனான்னு எனக்கே தெரியல சித்தப்பா. பாக்காம எழுதியிருந்தா?"

"நீ பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? நீ பாத்தாத்தான் அது அங்க இருக்குமா?"

 அம்மா மட்டும் வேறொரு கேள்வி கேட்டாள்: "அந்தப் புள்ளைக்குப் பேன் போச்சா, இல்லையா?"

5

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விசாரணைக்கான என் வாக்குமூலத்தை அவர்களே சுத்தமாக டைப் செய்து அனுப்பியிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் கடைசியில் புதிதாக ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது: 'பின்னர் யோசித்துப் பார்த்ததில், ஆறாவது பின்னை நான் பார்த்தது நினைவுக்கு வருகிறது.'

ஜான்-மார்க்கும் கூப்பிட்டார். "ஒரே ஒரு வாக்கியம், ராஜி. பின் இருந்தது. பரிசோதனை முழுமையாக நடந்தது என்றாகிவிடும். நீ கூடுதல் ஜாக்கிரதையால் போன் செய்தாய், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு அனுப்பு. திங்கட்கிழமை ஷிஃப்ட்டில் உன் பெயரைப் போடுகிறேன்." அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு முதல் குளிர்காலத்தில் சரியான பூட்ஸ் வாங்க கடை காட்டிக் கொடுத்தவர்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "நெனவு வந்துருச்சுன்னு எழுதிக் குடு" என்றான் அண்ணன். "கோர்ட்டுல சாட்சிக்கெல்லாம் டெய்லி நெனவு வருது. யாரும் எப்ப வந்துச்சுன்னு கேக்க மாட்டாங்க."

அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "போட்டுட்டு வேலைக்குப் போட்டி. பொய்யா சொல்லுத? அது இருந்துச்சுல்ல."

நானும் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாள், மாடியில் துணி காயப் போடும்போதும் சும்மா இருக்கும்போதும், கண்ணை மூடி அந்தக் கதவைப் பார்த்தேன். ஆச்சரியமாக, ஆறாவது பின் நன்றாகத் தெரிந்தது. மடங்கிய கால்கள், அதில் லேசான கிரீஸ், மேல் பக்கத்து வெளிச்சம். நினைவு வந்துவிட்டது என்று எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அண்ணன் பைக்கில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு அழைத்துப் போனான். பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அண்ணன் எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு நின்றான். கடைப் பெண் கம்ப்யூட்டரில் என் மின்னஞ்சலைத் திறந்தாள். "எது அக்கா, மேல உள்ளதா, கீழ உள்ளதா?" என்று இரண்டு இணைப்புகளையும் திறந்துவிட்டாள். ஒன்று வாக்குமூலம். இன்னொன்று, அன்றைக்கே எனக்கு அனுப்பியிருந்த அதே போட்டோ.

மடங்கிய கால்கள். லேசான கிரீஸ். மேல் பக்கத்து வெளிச்சம். விமானம் திரும்பி வந்த பிறகு, பெரிய விளக்குப் போட்டு எடுத்த படம். என் டார்ச்சு வெளிச்சம் கீழேயிருந்துதான் விழும். கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்த பின் இந்தப் படத்திலிருந்த பின். அதற்கு அடியில் இருந்திருக்க வேண்டிய என் சொந்த நினைவு, இருந்ததோ இல்லையோ, இனி எனக்குக் கிடைக்காது.

அந்தக் கடையில் நின்றபோது எனக்கு வந்த பயம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வந்ததைவிடப் பெரியது. அன்று எனக்குத் தெரியாது என்பதாவது எனக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாளோ, நினைவு வந்துவிட்டது என்று மனசாரச் சொல்லி, இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டிருக்கிறேன்.

பிரிண்ட் வந்தது. பேனா வாங்கி, அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், 'எனக்கு நினைவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அக்கா, அடிச்சுத் திருத்துனா வாங்க மாட்டாங்க" என்றாள் கடைப் பெண். "புதுசா ஒண்ணு எடுத்துருவமா?"

"இல்லம்மா. இதையே ஸ்கேன் பண்ணு."

அண்ணன் டீ கிளாஸோடு வந்து தாளைப் பார்த்தான். "அடிச்சுட்டியா?"

"அடிச்சுட்டேன்."

"அம்புட்டுப் பேரும் படிச்சுப் படிச்சுச் சொன்னோமே."

"நெனவு இல்லண்ணே."

அவன் மிச்ச டீயை ரோட்டில் ஊற்றினான். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை. இன்றுவரை அந்த விஷயத்தில் அவன் கட்சி மாறவில்லை. அம்மா, சொந்தக்காரர்களிடம் லீவு முடிந்துவிட்டது என்று சொன்னாள். இந்தத் தடவை எல்லோரும் நம்பினார்கள்.

6

விசாரணையில் மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். பூவை விளக்கவே அரை மணி நேரம் ஆனது. என்ன பூ என்று கேட்டார்கள். மல்லி என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டினேன். அது அறிக்கையில் இருக்கிறது.

ஐந்து மாதம் முத்திரை இல்லை. மற்றவர்கள் பார்க்க, நான் டார்ச்சுப் பிடித்தேன். நானே ஒரு காலத்தில் புதியவர்களுக்கு எடுத்த பாடத்தை மறுபடி உட்கார்ந்து படித்தேன். அடுத்து எனக்கு வந்திருக்க வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. ஜான்-மார்க் வணக்கம் சொல்வார். மதியச் சாப்பாட்டுக்கு என் மேஜைக்கு வருவதில்லை. பரிசோதனை செய்கிறவர்கள் போனைப் போட்டுப் பூட்டிவைக்க இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொன்னதில்லை. "போனை ராஜியில் போடு" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும்போது கேட்டேன்.

மார்ச்சில் முத்திரை திரும்பக் கிடைத்தது. இனியா வகுப்பில் இதையெல்லாம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. "என்ர பேன்தான் பிளேனைத் திருப்பினது" என்று என்னிடமும் ஒரு தடவை சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே.

இந்த ஜூலையில் அம்மா முதல் தடவையாக எங்களைப் பார்க்க வந்தாள். இரண்டு விமானம் மாறி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் களைப்பாக இல்லை. காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள்.

"எனக்குக் கதவுக்குப் பக்கத்துச் சீட்டக் குடுத்துட்டாகட்டி. அதையே பாத்துக்கிட்டு வந்தேன்."

"பயமா இருந்துச்சாம்மா?"

"பயம் என்னத்துக்கு? இந்தக் கதவப் பாத்த ஆளு யாரோன்னு நெனச்சேன். அன்னைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டுச்சோ, வீட்ல ஏதும் மனக்கஷ்டமோ." பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "தண்ணி குடுக்க வந்த புள்ளட்ட கேட்டேன், இத யாரு பாத்தான்னு. அதுக்குத் தமிழ் தெரியல. இன்னொரு தண்ணி பாட்டில் குடுத்துட்டுப் போச்சு."

அந்த விமானத்தை வேறு நாட்டில், எனக்குத் தெரியாத ஆட்கள் பார்ப்பார்கள் என்று சொன்னேன்.

"யாராயிருந்தா என்ன" என்றாள் அம்மா. "பாத்தமா பாக்கலையான்னு அவுகளுக்கும் சந்தேகம் வந்திருந்தா, இன்னேரம் போன் பண்ணிச் சொல்லியிருப்பாக, இந்தப் பிளேனையும் திருப்பியிருப்பாகன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்குப் பொறவுதான் கண்ண மூடித் தூங்குனேன்."